பாதிச் சம்பளமும் ஒரு வெப்சைட்டும்

போன வாரம் வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ஒரு பெண். எம்.சி.ஏ. முடித்திருக்கிறாளாம். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ரசம் வருவதற்குள் கேட்டே விட்டாள்.

"அக்கா, நீங்கதான அந்த வெப்சைட் அக்கா? சர்ச்ல ஃபர்ஸ்ட் பேஜ்ல வரணும்னா இன்னா பண்ணணும்? வீட்ல குந்திக்கினே சம்பாதிக்கலாம்னு சொல்றாங்களே, நெசமா?"

நிஜம்தான் என்றேன். எவ்வளவு வரும் என்றாள். பாயசத்தைக் காட்டி, முதலில் இதைச் சாப்பிடு என்றேன். அவள் விடவில்லை. கை கழுவும் இடம் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். பிறகு சொல்கிறேன் என்று தப்பித்து வந்துவிட்டேன்.

எல்லாக் கேள்விக்கும் கை கழுவிக்கொண்டே பதில் சொல்லிவிட முடியுமா? கொஞ்சம் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். அதனால் இந்த வாரம் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரர் ஏழுமலையைத் தெரிந்திருக்கும். மஸ்கட்டில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சிமென்ட், கம்பி, ஹெல்மெட், கையுறை — யார் என்ன எடுத்துப் போனார்கள், யார் திருப்பித் தரவில்லை என்று பார்த்துக்கொள்கிற வேலை. இங்கே இருந்தபோது டெம்போ ஓட்டினார். சொந்த டெம்போ. அது ஓடியதைவிட நின்றதுதான் ஜாஸ்தி. கடைசியில் டெம்போ போய்ச் சேர்ந்தது, கடன் மட்டும் நின்றது. அப்புறம் எல்லோரும் போகிற வழிதான்... பாஸ்போர்ட், ஏஜென்ட், விமானம்.

டெம்போ போனதிலிருந்து நாங்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் அவருடைய லீவு நாட்களில்தான். லீவு என்றால் எப்படி? வந்த முதல் வாரம் விருந்தாளி. அடுத்த வாரம் சொந்தக்காரர் வீட்டுச் சடங்குகள். மூன்றாவது வாரம்தான் மனுஷர் நம் வீட்டு மனுஷராக ஆவார். குளித்த துண்டைக் கட்டில்மேல் போடுவார், நான் கத்துவேன். ஆஹா, வாழ்க்கை ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கும்போது பெட்டி கட்ட வேண்டும்.

போன தடவை பெட்டி கட்டும்போது அவர் கேட்டார். மெதுவாக, என்னைப் பார்க்காமல், பெட்டியின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இந்தத் தடவ போவலன்னா இன்னா?"

எனக்கும் அதே ஆசைதான். அந்தப் பெட்டியை அப்படியே தூக்கிப் பரண்மேல் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் டெம்போ ஞாபகம் வந்துவிட்டது. வாசலில் வந்து நின்று வட்டி கேட்டவர்களின் முகம் ஞாபகம் வந்துவிட்டது. அதனால் சொன்னேன்.

"போய்ட்டு வாங்க. நான் ஒரு வெப்சைட் போடறேன். உங்க சம்பளத்துல பாதி அதுல வரட்டும். அன்னிக்கே நானே போன் பண்ணி டிக்கெட் எடுங்கன்னு சொல்றேன்."

பாதி என்று ஏன் சொன்னேன்? இங்கே வந்துவிட்டால் போன் கார்டு செலவு இல்லை, கேம்ப் சாப்பாட்டுச் செலவு இல்லை. பாதி இருந்தால் சமாளிக்கலாம் என்று ஒரு கணக்கு. "பாதியா?" என்று கேட்டார். "பாதி" என்றேன். சரி என்று ஜிப்பை இழுத்து மூடினார்.

வெப்சைட் யோசனை எனக்கு வானத்திலிருந்து விழவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கம், ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் இருந்தேன். வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்பார்கள். கொசுவலை எங்கே கிடைக்கும்? தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டுமா? நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து தியானம் செய்தால் முட்டி வலிக்கிறதே, என்ன செய்யலாம்? இதையெல்லாம் கிளம்புவதற்கு முன்னால் அவர்கள் ஊரிலேயே கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்திருப்பார்கள் அல்லவா? அந்த நேரத்தில் நம் தளம் கண்ணில் பட்டால்?

அதுதான் விஷயம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பொருளைப் பற்றி நம் தளத்தில் எழுதுகிறோம். பக்கத்திலேயே வெளிநாட்டுக் கடை ஒன்றின் லிங்க் கொடுக்கிறோம். படித்தவர் அதை அழுத்திப் போய் அந்தப் பொருளை வாங்கினால் நமக்குக் கமிஷன். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுகிற தரகர் வேலைதான். துண்டும் இல்லை, மாடும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் படிக்க ஆள் வர வேண்டுமே? அதற்குத் தேடுபொறியில் நம் தளம் முதல் பக்கத்தில் வர வேண்டும். அப்படி வரவைக்கிற வித்தைக்குத்தான் எஸ்.ஈ.ஓ. என்று பெயர்.

முதலில் நான் எதைப் பற்றி எழுதினேன் தெரியுமா? ஷூ. கிரிவலம் போவதற்கு ஏற்ற வாக்கிங் ஷூக்கள்!

சிரிக்காதீர்கள். பதினான்கு கிலோமீட்டர் நடக்கிறார்கள், நல்ல ஷூ தேடமாட்டார்களா என்று நினைத்தேன். ராப்பகலாக எழுதினேன். தளத்துக்கு ஆட்களும் வந்தார்கள். வந்தவர்கள் கடைசி வரி வரைக்கும் படித்தார்கள். அங்கேதான் நான், நேர்மையின் சிகரம், "எங்கள் ஊரில் எல்லோரும் வெறுங்காலோடுதான் மலையைச் சுற்றுவார்கள், அதுதான் மரியாதை" என்று எழுதியிருந்தேன். ஷூக்கடை வாசலில் நானே நின்றுகொண்டு ஷூ போடாதீர்கள் என்று சொன்ன கதை. ஒரு ஜோடிகூட விற்கவில்லை.

என் மாமியார் அதைக் கேள்விப்பட்டு வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"மலைய சுத்தறதுக்கு ஷூவா? யாருகிட்டயும் சொல்லி வெக்காதம்மா. நான் கோயிலுக்குப் போய் வரணும்."

சரி, காலை விட்டுவிட்டு முட்டிக்கு வந்தேன். தியானம் செய்ய மெத்தை, பாய், உட்காருகிற தலையணை. அதைப் பற்றி இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தேன். நெட்டில் கிடைத்த பாடங்களையெல்லாம் படித்தேன். தலைப்பில் கீவேர்ட், அதாவது ஆட்கள் தேடுகிற வார்த்தை, இருக்க வேண்டும், முதல் பத்தியில் இருக்க வேண்டும் என்றார்கள். நான் ஆர்வக் கோளாறில் எல்லா வாக்கியத்திலும் வைத்தேன். மஸ்கட்டில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு அவர் போன் செய்தார்.

"இன்னா தனா, தியானப் பாய் தியானப் பாய்னு வரிக்கு வரி இருக்குது? ஏலம் வுடறியா?"

திருத்தினேன். எனக்குத் தெரிந்த கெஸ்ட் ஹவுஸ்காரர்களிடம் கேட்டு, அவர்கள் தளத்திலிருந்து என் தளத்துக்கு லிங்க் வாங்கினேன். எந்தப் பாய் வழுக்கும், எது வியர்வையில் நாறும், எதைச் சுருட்டிப் பையில் வைக்கலாம் என்று பொறுமையாக எழுதினேன். அப்புறம் காத்திருந்தேன்.

இந்தக் காத்திருப்பை யாரும் பாடத்தில் சொல்லித் தருவதில்லை. காலையில் எழுந்ததும் தேடுபொறியில் அந்த வார்த்தையை அடித்துப் பார்ப்பேன். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. தள்ளிக்கொண்டே போனால் எங்கேயோ ஒரு மூலையில் என் தளம் குந்தியிருக்கும். பத்தாவது பக்கம் வரைக்கும் தள்ளிப் பார்க்கிற ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். மறுநாள் ஒரு பக்கம் முன்னால் வந்திருக்கும். அதற்கு அடுத்த நாள் இரண்டு பக்கம் பின்னால் போயிருக்கும். ஏன் வந்தது, ஏன் போனது? கேட்க ஆளே கிடையாது.

எனக்கென்னவோ கமிஷன் பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பக்கம் முன்னால் வரும்போதும், அவர் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குக் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டார் என்றுதான் தோன்றும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் காத்திருக்கிறவர்களுக்கு ஏதாவது ஒன்றை எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமே!

ஒரு நாள் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டேன். கடைசி இடம்தான். இருந்தாலும் முதல் பக்கம். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எந்தப் பக்கம் இருந்தா இன்னா, எம் பையன் எப்ப வருவான் அத்தச் சொல்லு" என்றார். மாமியார்கள் எப்போதும் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

அதற்கப்புறம்தான் அதிசயம். பாய் விற்க ஆரம்பித்தது! முதலில் ஒன்று. அப்புறம் ஒரு தலையணை. அடுத்த மாதம் நாலைந்து. யார் வாங்கினார்கள், எந்த ஊர் என்றெல்லாம் கடைக்காரர்கள் நமக்குச் சொல்லமாட்டார்கள். என்ன பொருள், என்றைக்கு விற்றது, நமக்கு என்ன கமிஷன் — அவ்வளவுதான் தெரியும். அதில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். விற்பனை முக்கால்வாசியும் வெள்ளிக்கிழமைகளில்தான்.

நான் சும்மா இருப்பேனா? அதற்கு ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். வாரம் முழுக்க ஆபீஸில் மாரடித்த வெள்ளைக்காரர்கள், வெள்ளிக்கிழமையானால் மன அமைதியைத் தேடுகிறார்கள் போலிருக்கிறது! அதனால் புதுக் கட்டுரைகளை வியாழக்கிழமையே போட ஆரம்பித்தேன். விற்பனை இன்னும் ஏறியது. என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டு பேருக்கு இலவசமாக ஆலோசனைகூடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைதான் அவருக்கும் லீவு. அன்றைக்குத்தான் போன் வரும். சாப்பிட்டியா, அம்மா மாத்திரை போட்டுக்கினாங்களா என்று எல்லாம் கேட்டு முடித்து, வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்.

"எவ்ளோ ஆச்சு? பாதி ஆச்சா?"

"இன்னும் இல்லீங்க. ஆனா கிட்ட வருது."

"ஆவும், ஆவும்" என்பார். அந்தக் குரலில் ஒரு நம்பிக்கை இருக்கும். என் எழுத்துமேல் இவருக்கு இவ்வளவு நம்பிக்கையா என்று உருகிப்போவேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கணக்கைப் பார்த்தேன். பாதியைத் தொட்டுவிட்டது. மறுநாள் போன் வந்ததும் 'டிக்கெட் எடுங்க' என்ற அந்தச் சொல்லைச் சொல்லிவிட வேண்டியதுதான். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். சாதாரணமாகச் சொல்வதா, சஸ்பென்ஸ் வைத்துச் சொல்வதா? மாமியார் அதற்குள் கட்டிலை வெயிலில் போட்டுத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் முருகேசன். அடி அண்ணாமலைக்காரர். மஸ்கட்டில் இவரோடு ஒரே அறையில் இருக்கிறவர், லீவில் வந்திருக்கிறார். கையில் நீளமாகச் சுருட்டிய ஒரு பொட்டலம்.

"அண்ணி, அண்ணன் குடுத்துனுப்பனாரு. அம்மாவுக்காம். கீழ குந்தி கறிகாய் நறுக்கறப்ப முட்டி வலிக்குதுன்னாங்களாமே."

பிரித்தேன். ஊதா நிறத்தில் தியானப் பாய். ஓரத்தில் பச்சைத் தையல். எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வழுக்காது, சுருட்டிப் பையில் வைக்கலாம் என்று நான் எழுதி எழுதித் தேய்ந்த அதே பாய்.

"இது அங்க கடையில விக்குதா?" என்று கேட்டேன்.

"கடையிலயா? கம்ப்யூட்டர்ல வாங்கறாரு அண்ணி. எங்க டைம் கீப்பர் கேரளாக்காரரு, அவருகிட்டதான் கார்டு இருக்குது. அவருகிட்ட காசக் குடுத்துட்டு, வெள்ளிக்கிழமையானா ரெண்டு பேரும் டவுனுல பிரவுசிங் சென்டருக்குப் போயிடுவாங்க." முருகேசன் சிரித்தார். "பாய் வெலையவிட கப்பல் கூலி ஜாஸ்தி. ரூம்ல எங்க கட்டிலுக்கு அடியிலல்லாம் பாய்தான். அதும்மேல குந்திதான் சீட்டாடறோம். வெல்டிங் பசங்க மத்தியானத்துல அந்தத் தலகாணி வெச்சித்தான் தூங்கறாங்க. இன்னாண்ணா, சாமியாராப் போவப் போறியான்னு கேட்டா சிரிச்சிக்கினே போயிடுவாரு."

நான் பாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாமியார்தான் கேட்டார்.

"அவ்ளோ காசு ஏதுப்பா அவனுக்கு? இங்க அனுப்பற பணம் கம்மியாவலியே?"

"சிகரெட்ட வுட்டுட்டாரும்மா. வெள்ளிக்கிழமை பிரியாணிக்கும் வர்றதில்ல. வாங்கன பாய்ல பாதிய மத்த கேம்ப்ல வித்து, அந்தக் காசுலயே மறுபடி வாங்கறாரு. ஓவர்டைம் வேற ஜாஸ்தி பாக்கறாரு. யாராவது லீவு போட்டா அண்ணன்தான் முன்னாடி போய் நிப்பாரு."

காபி குடித்துவிட்டு முருகேசன் போனார். மாமியார் பாயைத் தரையில் விரித்து, அதன்மேல் உட்காராமல், கையால் தடவிக்கொண்டே இருந்தார். "பைத்தியம் புடிச்ச பய" என்றார். பிறகு எழுந்து வெளியே போய், தட்டிய கட்டிலையே மறுபடியும் தட்டினார்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை விற்பனைகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். கழிக்கக் கழிக்க என் தேடுபொறி வித்தை, வியாழக்கிழமைக் கட்டுரைகள், வெள்ளைக்காரர்களின் மன அமைதி எல்லாம் கரைந்து போயிற்று. மிச்சம் இருந்தது போன் பில்லுக்கு வரும்.

கோபம் வந்ததா என்றால், வந்தது. அவமானமாகவும் இருந்தது. ஆனால் இரண்டும் நிற்கவில்லை. வேலை முடிந்து, அதற்கு மேலும் வேலை பார்த்து, வெள்ளிக்கிழமை பிரியாணியை விட்டுவிட்டு, யாரோ ஒருவருடைய கார்டைக் கெஞ்சி வாங்கி, வேண்டாத பாயாக வாங்கிக் குவித்திருக்கிறார் மனுஷர். எதற்கு? நான் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்பதற்கு. அந்தச் சொல் இத்தனை நாளும் என் வாயில்தான் இருந்திருக்கிறது.

சொந்தக்காரர்கள் வாங்கினால் கமிஷன் கிடையாது என்பது அந்தக் கடையின் விதி. உடனே அவர்களுக்கு எழுதிவிட்டேன். நன்றி என்று பதில் போட்டு, கமிஷனை ரத்து செய்து, கணக்கையும் மூடிவிட்டார்கள். நல்ல மரியாதையான இங்கிலீஷ்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. சாப்பிட்டியா, மாத்திரை... எல்லாம் ஆயிற்று.

"எவ்ளோ ஆச்சு? பாதி ஆச்சா?"

"முருகேசன் வந்திருந்தாருங்க."

பின்னால் ஏதோ லாரி போகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"பாய் குடுத்தானா?"

"குடுத்தாரு."

"நல்ல பாய்தான் தனா. நீ எழுதனது நெசம். வழுக்கவேயில்ல."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தால் தொண்டையில் எதற்கு வழி விடுவது? இருமினேன்.

"எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?"

"பின்ன இன்னா பண்றது? நீ பாதின்ன. பாதி எப்ப ஆவறது, நீ எப்பக் கூப்புடறது? வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா எறங்கிப் பின்னாடி நின்னு தள்றதில்லியா? அந்த மாதிரிதான் கொஞ்சம் தள்ளிவுட்டேன்."

"கணக்க மூடிட்டாங்க. இப்ப பாதி இல்ல. கால்கூட இல்ல."

கடையில் பொருள் இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவர் மாதிரி, "சரி, வுடு. இன்னும் ரெண்டு வருசம் பாக்கறேன்" என்றார்.

"வேணாம். வந்துடுங்க."

"இன்னாது?"

"வந்துடுங்கன்னேன். டிக்கெட் எடுங்க. இங்க வந்து எதையாவது பாத்துக்கலாம்."

"பாதி ஆவலியே?"

"ஆவலன்னா போவட்டும்."

அவர் அழுதாரா என்று தெரியாது. லாரி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நான் அழுதேன், அது தெரியும்.

அதனால் எம்.சி.ஏ. தங்கைக்கு என் பதில் இதுதான். எஸ்.ஈ.ஓ.வில் சம்பாதிக்கலாம், தாராளமாகக் கற்றுக்கொள். பொறுமை வேண்டும். வெள்ளிக்கிழமை விற்பனையை மட்டும் சந்தேகப்படு.

இப்போது ஒரு சிக்கல். கம்பெனிக்காரர்கள் அவரை உடனே விடமாட்டார்களாம். அவர் இடத்துக்கு இங்கிருந்து வேறு ஆள் போய்ச் சேர்ந்தால்தான் பாஸ்போர்ட்டைக் கையில் தருவார்களாம். நானும் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று ஒருவர் வந்தார். வேலைக்கு எல்லா வகையிலும் பொருத்தமானவர். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தாள். நான் சம்பளம், சாப்பாடு, கேம்ப் என்று விவரம் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் தன் புருஷனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை ஏற்கெனவே போய்விட்டது என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

எனவே வாசகர்களுக்கு ஒரு அறிவிப்பு: மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பர் வேலை ஒன்று காலியாகிறது, உடனே ஆள் தேவை — கல்யாணமாகாதவர்கள் மட்டும்.